டிக்கி கலை: அசலைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

கார் டிக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மரத்தில் குடைந்த பெரிய முகம், இளிக்கும் வாய், பின்னால் தென்னையும் தீப்பந்தமும் உள்ள படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் டிக்கி.

இதைப் பசிபிக் கடலிலுள்ள பாலினேசியத் தீவுகளின் பழங்கலை என்று நம்பி வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. இந்தப் பாணி பிறந்தது கலிபோர்னியாவில். 1930களில் ஹாலிவுட்டின் 'டான் தி பீச்காம்பர்', ஓக்லாந்தின் 'டிரேடர் விக்ஸ்' ஆகிய மதுக்கூடங்கள் தொடங்கிவைத்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்து பசிபிக்கிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் கதைகளும், 1959இல் ஹவாய் அமெரிக்க மாநிலமானதும் மோகத்தை ஏற்றிவிட்டன. ஆகவே ரெட்ரோ, அதாவது பழைய பாணி டிக்கியில் அசல் என்றால், 1950, 60களின் அமெரிக்கக் கற்பனைக்கு அசல், அவ்வளவுதான். தீவுக்கு அசலா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் கண்ட சிலைக்கெல்லாம் டிக்கி என்று பெயர் வைக்கிறார்கள். மோவாய் என்பது ராப்பா நூயி, அதாவது ஈஸ்டர் தீவு மக்கள் தங்கள் மூதாதையருக்கு வடித்த கற்சிலை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் கழுத்தில் அணியும் ஹெய் டிக்கி பதக்கம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குடும்பச் சொத்து. அதையே பச்சை பிளாஸ்டிக்கில் வார்த்து, ஏர் நியூசிலாந்து பயணிகளுக்கு இலவசமாகக் கொடுத்த காலமும் உண்டு. சரக்கு மலிந்தால் அர்த்தம் எப்படித் தேயும் என்பதற்கு அந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றே போதும்.

அப்புறம், டிக்கி முகம் வடித்த மதுக் குவளைகள். 'ஹவாய்' என்று பெயர் இருந்தால் ஹவாயில் செய்தது என்று எண்ணாதீர்கள். ஆர்கிட்ஸ் ஆஃப் ஹவாய் என்பது நியூயார்க் நிறுவனம். அதன் குவளைகள் ஜப்பானில் தயாரானவை. பழைய குவளையிலிருந்தே அச்செடுத்து வார்த்த நகல்களும் சந்தையில் உண்டு. களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். அதனால் நகல் கொஞ்சம் சிறியதாக இருக்கும். பல் இடுக்குகளும் புருவக் கீறல்களும் மழுங்கியிருக்கும். அசலின் அளவைத் தெரிந்துகொண்டு, ஸ்கேலோடு போங்கள். அடியில் தேநீர்க் கறை பூசிப் 'பழசாக்கிய' ஒன்றை நானும் ஒருமுறை வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

வரைபவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. ஒரு படம் ஓடியதும் அதையே சட்டை, கோஸ்டர், போன் உறை என்று எல்லாவற்றிலும் அச்சடிப்பார்கள். சம்பாதிப்பதில் தப்பே இல்லை; டிக்கி பிறந்ததே மது விற்கத்தான். ஆனால் 100 பிரதிகள் மட்டும் என்று சொல்லி விற்றுவிட்டு, அதே படத்தை வேறு அளவில் மறுபடி இறக்குவது முதலில் வாங்கியவரை ஏய்ப்பதுதான். வாங்குபவர் பிரதி எண்ணோடு நிறுத்தாமல், வேறு அளவுகளில் வருமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.