அம்பாசிடர் மார்க் 2: ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டுவது

அப்புச்சி விட்டுப்போன அம்பாசிடர் மார்க் 2, பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் நிற்கிறது. இரண்டு மாதமாக ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் என்ஜின் முக்கி முக்கித்தான் சுற்றியது. பேட்டரியோ புதுசு. கியர் வைத்த புது ஸ்டார்ட்டர் மாட்டச் சொல்லிப் பலரும் சொன்னார்கள். எனக்கு மனசில்லை. 1937இலேயே ஜி.டி. நாயுடு மோட்டார் செய்த கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கிறது, காயில் கட்டத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? பழைய மோட்டாரைச் சரிசெய்து மாட்டுவதுதான் என் கட்சி.

முதலில் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள். டிஸ்டிரிபியூட்டரும் ஆயில் ஃபில்டரும் இருக்கும் பக்கத்தில், கிளட்ச் ஹவுசிங்கை ஒட்டி மோட்டார் இருக்கும். அதன் தடித்த ஒயரைக் கழற்றியதும், பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுதான். இங்கே மில்லிமீட்டர் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். என் காரில் 9/16 அங்குல போல்ட். 14 ஏறாது, 15 வழுக்கித் தலையை உருட்டிவிடும். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் தேடியாவது ஒரு நல்ல அங்குல ரிங் ஸ்பேனர் வாங்கிவிடுங்கள். மேல் போல்ட்டை மேலிருந்தும் கீழ் போல்ட்டைக் காருக்கு அடியில் படுத்தும் எடுக்கலாம். மோட்டார் நல்ல கனம், ஒரு கையால் தாங்கிக்கொண்டே கடைசி மரையைக் கழற்றுங்கள்.

மோட்டார் வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, ஸ்டார்ட்டர் சுழற்றும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பல்லைப் பாருங்கள். நாலு சிலிண்டர் என்ஜின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும் என்பதால் அங்கேதான் பல் தேயும். கைப்பிடி போட்டு முழுசாக ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் பல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

மோட்டார் சுற்றும்போது முன்னால் நகர்ந்து ஃப்ளைவீல் பல்லில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்தான் பெண்டிக்ஸ் பினியன். அதை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தால் போதும். கிரீஸ் தடவவே கூடாது. கிளட்ச் தூசி அதில் அப்பிக்கொண்டு பினியன் நகராமல் சிக்கிவிடும். கார்பன் பிரஷ்ஷை மாற்றிவிடுங்கள். அந்தப் பிரஷ் உரசும் செம்புத் துண்டு உருளையை, அதாவது கம்யூட்டேட்டரை, நைசான உப்புத்தாளால் தேய்க்கலாம், எமரி வேண்டாம். காயில் கட்டுகிறவரிடம் மறக்காமல் ஒன்று சொல்லுங்கள்: “அண்ணா, செம்புக்கு நடுவுல இருக்கற மைக்காவ வெட்ட வேண்டாங்க.” டைனமோவுக்கு வெட்டுவார்கள், அந்தப் பழக்கத்தில் இதற்கும் கை போய்விடும். இந்த லூகாஸ் ஸ்டார்ட்டருக்கு வெட்டக்கூடாது.

எல்லாம் முடித்து மாட்டினேன். மறுபடியும் அதே முக்கல்! என்னை மூன்று நாள் அலையவைத்த இடம் இதுதான்.

நான்காம் தடவை ஸ்டார்ட் செய்தபோது டேஷ்போர்டில் சோக் குமிழைப் பிடித்திருந்தேன், விரல் சுட்டது. பானெட்டைத் திறந்தால் சோக் கேபிளின் உறை கருகி, லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. என்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் பாடிக்கும் நடுவில் தனியாக ஒரு எர்த் பட்டை வேண்டும். யாரோ சேஸிஸுக்குப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே அந்தப் பட்டையை முடுக்கியிருந்தார்கள். கரன்ட் வேறு வழியில்லாமல் சோக் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் 2 போனால் மோட்டார் என்ன செய்யும், பாவம்!

அதனால் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்பே இதைப் பாருங்கள். இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டால் என்ஜின் பிடிக்காது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் போஸ்ட்டின் மேலேயே வையுங்கள், கிளாம்ப்பின் மேல் அல்ல. இன்னொரு முனை மோட்டாரின் உடம்பில். யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். எனக்கு 2.3 காட்டியது. பெயின்ட்டைச் சுரண்டி, செம்பு பின்னிய புதுப் பட்டை போட்டதும் 0.2 ஆனது. என்ஜின் அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

பின்சேர்க்கை: ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய மாரிஸ் மைனருக்கு கியர் ஸ்டார்ட்டர் மாட்டினாராம், மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதாம். அந்தக் கார் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பழைய மோட்டாரில் ஃபீல்டும் (உள்ளே சுற்றுவதைச் சூழ்ந்திருக்கும் காந்தம்) காயில்தான், பேட்டரியை மாற்றிக் கொடுத்தாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். புது மோட்டாரில் நிரந்தரக் காந்தம், மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும். காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால்தான் அது உதவும். அப்படி மாற்றினால் இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். டைனமோவின் காந்தத் திசையும் மாற வேண்டும், அதற்காக என்ஜினை ஓட்டுவதற்கு முன், டைனமோவின் எஃப் (ஃபீல்ட்) முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு தனி ஒயரை அந்த முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள்.