சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள்

மஞ்சளாக, பிசுபிசுப்பாக வரும் முதல் பால் கெட்டதல்ல. நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்தது. பிறந்த 1 மணி நேரத்துக்குள் கொடுங்கள். முதல் நாள் வேளைக்கு ஒரு டீஸ்பூன் இருந்தாலே போதும். "பால் ஊறலையே" என்று சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டினால் குழந்தை சப்புவது குறையும்; சப்பாவிட்டால் சுரப்பும் குறையும்.

சேலத்துச் சித்திரை வெயிலிலும் 6 மாதம் வரை தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான். சொம்புத் தண்ணீர் அம்மாவுக்கு.

ஏற்காட்டுக் குளிரில் அம்மாவுக்குச் சளியா? கை கழுவி, முகக்கவசம் போட்டுக் கொடுக்கலாம்.

காம்பு வலி சகஜம் என்பார்கள். தொடர்ந்து வலித்தால் பெரும்பாலும் குழந்தை மார்பைக் கவ்வும் பிடிப்புதான் தவறு. குழந்தை வாயை அகலத் திறந்ததும், காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் உள்ளே போகும்படி அணையுங்கள். முகவாய் மார்பில் ஒட்டியிருக்கட்டும். வலித்தால் வெடுக்கென இழுக்காமல், வாயோரம் சுண்டுவிரலை நுழைத்து விடுவியுங்கள்.

5ஆம் நாளுக்குப் பின் குழந்தை தினம் 6 தடவையாவது ஒண்ணுக்குப் போக வேண்டும். குறைந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.