நம்ம ஊரு ஆர்ட்டிஸ்ட் பசங்க வேலைய ஊரு பாக்குற மாதிரி வைக்கிறது எப்படி

முதல் தடவ தருமபுரில ஒரு மண்டபத்துல சின்ன ஹால் எடுத்து ஃபிரேம் எல்லாம் போட்டு மாட்டினோம், வந்தது முப்பது பேரு, அதுல பாதி வரைஞ்ச பசங்களோட அத்த மாமா. வரைஞ்ச பசங்கள்ல ஒருத்தன் அப்புறமா டீக்கடை ஷட்டர்ல ஒரு எருது வரைஞ்சான், இன்னைக்கும் டீ கிளாஸ கையில வெச்சுகிட்டு அத பத்தி பேசுறாங்க. அதனால ஹால் தேடாதீங்க, ஜனங்க ஏற்கனவே நின்னுட்டு இருக்கிற இடமா பாருங்க. சலூன், ஜெராக்ஸ் கடை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை இதெல்லாம் போதும்.

ஆள் தேடுறப்ப இன்ஸ்டால மட்டும் பாக்காதீங்க, பாதி பேரு பெங்களூர்னு போட்டிருப்பாங்க, வீடு பாலக்கோட்ல இருக்கும். அப்புறம் ஃபிளக்ஸ் வந்ததும் வேலை போன போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணன்களையும் போய் பாருங்க. டேப்லெட்ல எழுத்து டிசைன் பண்ற பொண்ணு ‘ழ’ வளைவ பத்து தடவ அழிச்சு போடும், அந்த போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணன் பிளாட் பிரஷ்ல ஒரே இழுப்புல முடிச்சுடுவாரு. ரெண்டு பேரையும் ஒரே சுவத்துல விடுங்க. ஐடியா வேணும்னா தருமபுரி மியூசியத்துல இருக்கிற நடுகல்லுங்கள போய் பாக்க சொல்லுங்க, கிருஷ்ணகிரி பக்கம்னா மல்லப்பாடி பாறைல வெள்ளைல வரைஞ்ச ஓவியம் இருக்கு, நம்ம ஊர்ல சுவத்துல வரையறது ஒன்னும் புதுசு இல்ல.

சுவருக்கு பர்மிஷன் எழுத்துல வாங்குங்க. வாட்ஸ்அப்ல ‘சரிப்பா’ன்னு வந்தது பத்தாது, அண்ணன் தம்பி சொத்துன்னா ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. பொது இடத்த அலங்கோலப்படுத்துறத தடுக்க 1959லயே சட்டம் இருக்கு, அதனால அரசு சுவர்னா அந்தந்த ஆபீஸ்ல மனு குடுக்காம பிரஷ்ஷ தொடாதீங்க.

சுவர் ரெடி பண்றதுல தான் நெறைய பேரு கோட்ட விடுறாங்க. சுண்ணாம்பு அடிச்ச சுவர்னா நல்லா சொரண்டி எடுக்கணும், அப்படியே மேல எமல்ஷன் அடிச்சா அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்துடும். புதுசா பூசின சுவர்னா ஒரு 28 நாளாவது விடுங்க. எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், காய்ஞ்சதும் நூல் அடிச்சு கட்டம் போட்டு சாக்பீஸ்ல அவுட்லைன், அப்புறம் கலர். ஈரம் கசியிற சுவர எவ்ளோ நல்ல இடத்துல இருந்தாலும் விட்டுடுங்க. ஐப்பசி கார்த்திகை மழைல ஆரம்பிக்காதீங்க, தை பொறந்ததும் பாத்துக்கலாம்.

பேரு போடுறது ரொம்ப முக்கியம். பழைய போர்டுங்கள கவனிச்சிருப்பீங்க, கீழ் மூலைல ‘இன்னார் ஆர்ட்ஸ்’னு சின்னதா இருக்கும், அத பாத்து தான் அடுத்த வேலை வரும். நீங்களும் வரைஞ்சவங்க பேர தமிழ்ல, கண்ணு மட்டத்துக்கு, ரெண்டு இன்ச் உயரத்துக்கு குறையாம போடுங்க. ஸ்பான்சர் கடை பேரு அதவிட பெருசா வந்துச்சுன்னா அது விளம்பரம், ஆர்ட் ஷோ கெடையாது.

டிஜிட்டல்ல மட்டும் தான் வரைவேன், பிரஷ்ஷ தொட மாட்டேன்னு சொல்ற பசங்களுக்கு சுவர் செட் ஆகாது, அவங்களுக்கு ஏ3 பிரிண்ட். 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளின்னா, 3508க்கு 4961 பிக்சல் வேணும், வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா வந்த ஃபைல பிரிண்ட் குடுத்துட்டு மங்கலா இருக்குன்னு அழாதீங்க. கிருஷ்ணகிரின்னா மாம்பழ சீசன்ல தோட்டக்காரங்க யாராச்சும் ஒருத்தர பிடிச்சு அட்டப்பெட்டி மேல ஒரு படம் போட்டு பாருங்க, பெங்களூர் சென்னைன்னு பெட்டியோட படமும் போகும், அத விட மலிவான ஷோ எனக்கு தெரிஞ்சு இல்ல.

காசு விஷயம். ‘பேரு கெடைக்கும்பா’ன்னு ஓசில வரைய வைக்காதீங்க. பெயின்ட் செலவு, சாப்பாடு, அது போக சுவருக்கு வெள்ளையடிக்கிறவருக்கு குடுக்குற நாள் கூலியாவது குடுங்க, முடியலைன்னா சின்ன சுவரா எடுங்க.

முடிஞ்சதும் வெயில் நேரா அடிக்கிறதுக்கு முன்னாடி, நேர் எதிர்ல நின்னு ஃபோட்டோ எடுங்க, பக்கத்துல கடைக்காரர நிக்க வெச்சா சைஸும் தெரியும் அவரும் ஸ்டேட்டஸ் வெப்பாரு. மிச்ச பெயின்ட்ட டப்பா மேல கலர் நம்பர் எழுதி அவர்கிட்டயே குடுத்து வைங்க, எவனாச்சும் போஸ்டர் ஒட்டிட்டு போனா கிழிச்சுட்டு டச்சப் பண்ண உதவும்.