ஆக்டேவியா ஆர்எஸ்-க்கு ஸ்டேஜ் 1: நம் ஊர் வெயிலுக்கும் பெட்ரோலுக்கும் தாங்குகிற மாதிரி பவர் கூட்டுவது எப்படி

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே விசாரிப்பது ரீமேப் பற்றித்தான், அதாவது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவர் கூட்டுவது. அதன் முதல் படிக்குத்தான் ஸ்டேஜ் 1 என்று பெயர். 2017-ல் வந்த ஆர்எஸ் 230 என்றால் 230 பிஎஸ் பவர் (குதிரைசக்தி), 350 என்எம் டார்க் (எஞ்சினின் திருப்பு விசை). 2020-ல் இந்தியாவுக்கு 200 வண்டிகள் மட்டும் வந்த ஆர்எஸ் 245 என்றால் 245 பிஎஸ், 370 என்எம். ஒரு பாகம்கூட மாற்றாமல், ஒரே மதியத்தில், இரண்டையும் 300 பிஎஸ் பக்கத்தில் கொண்டுபோய்விடலாம் என்பது உண்மைதான். அந்த 300 மே மாத மதியம் இரண்டு மணிக்கும் கிடைக்குமா, மூன்று வருடம் கழித்தும் எஞ்சின் நன்றாக இருக்குமா என்பதைப் பொறுத்துத்தான் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது முடிவாகும்.

டர்போ இல்லாத எஞ்சினில் ஃபில்டர், சைலன்சர் என்று எதை மாற்றினாலும் ஐந்து பத்து குதிரைசக்திக்கே திண்டாட வேண்டும். எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் டர்போ இருக்கிற எஞ்சினில், எவ்வளவு காற்று உள்ளே போகலாம் என்பதை இசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், தீர்மானிக்கிறது. வேஸ்ட்கேட்டை (டர்பைன் பக்கம் போகாமல் புகையை வெளியே விடும் கதவு) இன்னும் கொஞ்சம் மூடி வை என்று சாஃப்ட்வேரில் சொன்னால் டர்பைன் வேகமாகச் சுற்றும், பூஸ்ட், அதாவது உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும், அதற்கேற்ற பெட்ரோல் போகும், டார்க் கூடும். கம்பெனியே இதைச் செய்யாததற்குக் காரணம், அதே 1984 சிசி எஞ்சின் மட்டமான பெட்ரோலிலும், பாலைவன வெயிலிலும், சர்வீஸைத் தள்ளிப்போடுகிற ஓனரிடமும் பிழைத்தாக வேண்டும். அதற்காக விட்டு வைத்த இடைவெளியைத்தான் ரீமேப் எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெயிலும் பெட்ரோலும் அந்த இடைவெளியில் ஒரு பங்கை ஏற்கெனவே தின்றுவிட்டன என்பதால், ஐரோப்பாவில் இதே வண்டிக்குச் சொல்லும் எண்களை அப்படியே இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாம் கடைசியில் வந்து முட்டுவது நாக்கிங்கில். சிலிண்டருக்குள் பிளக் பொறி கொளுத்திய தீ பரவி முடிவதற்குள், ஓரத்தில் இருக்கும் மிச்சக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்தால் அதுதான் நாக். நாக் சென்சார் அதைக் கேட்டதும் இசியு அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விழும் நேரம்) பின்னுக்குத் தள்ளும், பவர் இறங்கும். இப்படித் தள்ளித் தள்ளியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும், டர்போவுக்கு நல்லதில்லை. தள்ளியும் நிற்காத அளவுக்குப் போனால் பிஸ்டனின் ரிங் இருக்கும் விளிம்பு உடையும். அதிக பூஸ்ட், சூடான காற்று, குறைந்த ஆக்டேன் (பெட்ரோலின் நாக் தாங்கும் அளவு) மூன்றும் சேர்ந்தால் நாக் நிச்சயம். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் அடக்கி வைக்கிற வேலைதான்.

முதலில் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறதா

ரீமேப்புக்கு முன்னால் முழு ஸ்கேன் எடுங்கள், விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் ஸ்கேனர் போதும். பழைய எரர் கோடுகளை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டி, எது திரும்பி வருகிறது என்று பாருங்கள். இந்த வண்டிகளில் இருக்கும் ஈஏ888 எஞ்சினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங் கசிவது எல்லாருக்கும் தெரிந்த வியாதி. கூலன்ட் மட்டம் மெதுவாக இறங்குகிறதா, ஹவுசிங்கைச் சுற்றி காய்ந்த இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கறை இருந்தால் ரீமேப் பணத்தை முதலில் அதற்குச் செலவழியுங்கள். அடுத்து இன்டேக் பைப்புகளுக்கு ஸ்மோக் டெஸ்ட், அதாவது உள்ளே புகை விட்டுக் கசிவு தேடுவது. எங்காவது பூஸ்ட் கசிந்தால், கேட்ட அழுத்தத்தைக் கொண்டுவர டர்போ தேவைக்கு மேல் சுற்றும், ரீமேப்புக்கு அப்புறம் அது இன்னும் மோசமாகும்.

பிளக்குகளைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். சூட்டை வேகமாகக் கடத்தும், ஒரு ஹீட் ரேஞ்ச் குளிர்ந்த பிளக், இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பூஸ்ட் கூடினால் பொறி தாவுவது கடினம், இடைவெளி அகலமாக இருந்தால் உச்ச டார்க்கில் மிஸ்ஃபயர் ஆகும், அதை ரீமேப் கோளாறு என்று நினைத்து ட்யூனரோடு (ரீமேப் செய்து தருபவர்) சண்டை போடுவார்கள். எஞ்சின் ஆயில் விடபிள்யூ 502.00 அல்லது 504.00 தரத்தில் இருக்க வேண்டும். டப்பாவின் முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு பின்பக்கத்தில் இந்த எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் வந்த 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச், 250 என்எம் அளவுக்கானது, அதன் மேல் ஆசை வைக்கக் கூடாது. ஆர்எஸ் 230-ல் இருக்கும் 6 கியர் டிஎஸ்ஜி ஆயிலில் மூழ்கிய கிளட்ச், ஆர்எஸ் 245-ன் 7 கியரும் அப்படித்தான். இவை நன்றாகவே தாங்கும், ஆனால் 6 கியரில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாறியிருக்க வேண்டும். பழைய ஓனரிடம் பில் இல்லையென்றால் மாறவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல்

ட்யூனர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: தினமும் எந்த பங்கில் என்ன போடுகிறீர்கள்? கேட்கவில்லை என்றால் வேறு ட்யூனரைப் பாருங்கள். பிபிசிஎல்-ன் ஸ்பீட் 97, 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த எக்ஸ்பி100 என்ற அதிக ஆக்டேன் பெட்ரோல்கள் எல்லாம் சென்னை, கோவை மாதிரி ஊர்களில் சில பங்குகளில் கிடைக்கும். மதுரைக்குத் தெற்கே ஒரு நீண்ட பயணம் போனால் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அதனால் 100 ஆக்டேனுக்கு என்று எழுதிய மேப்பை (ரீமேப்பில் ஏற்றும் சாஃப்ட்வேர் ஃபைல்) போட்டுக்கொண்டு மாதத்தில் இருபது நாள் 95 ஆக்டேனில் ஓட்டுவதில் அர்த்தமில்லை. எது எப்போதும் கிடைக்குமோ அதற்கு மேப் எழுதச் சொல்லுங்கள், நல்ல பெட்ரோல் கிடைக்கும் அன்றைக்கு அது கூடுதல் பாதுகாப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

எத்தனாலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது பங்குகளில் வருவது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20, இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அது கிடையாது. எத்தனால் ஆக்டேனை உயர்த்தும், உள்ளே ஆவியாகும்போது குளிர்விக்கவும் செய்யும், அதுவரை நல்லதுதான். ஆனால் அதில் ஆற்றல் குறைவு என்பதால் அதே பவருக்கு அதிக பெட்ரோல் தெளிக்க வேண்டும். பெட்ரோலைத் தள்ளும் ஹை பிரஷர் பம்ப் ஏற்கெனவே ரீமேப்பின் சுமையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது இது அதன் மிச்சத் திராணியைக் குறைக்கிறது. ரப்பர் சீல்கள், ஹோஸ்கள் பக்கம் பெட்ரோல் வாடை வருகிறதா என்று சர்வீஸுக்குச் சர்வீஸ் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீமேப்

ஸ்டேஜ் 1 என்றால் பாகங்கள் எல்லாம் ஸ்டாக் (கம்பெனி கொடுத்தது), சாஃப்ட்வேர் மட்டும் புதிது. இந்த எஞ்சினில் இருக்கும் ஐஎஸ்20 டர்போவில் 290 முதல் 310 பிஎஸ், 400-லிருந்து 440 என்எம் வரை சொல்வார்கள். எனக்கு உச்ச எண்ணைவிட, ஆர்பிஎம்மோடு டார்க் ஏறி இறங்கும் வளைவு முக்கியம். சின்ன டர்போ என்பதால் 2,000 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கையும் கொட்டி, முதல் இரண்டு கியரில் முன் சக்கரங்களைச் சும்மா சுழல வைக்கும் மேப்புகள் உண்டு. ஓட்டிப் பார்த்ததும் மிரட்டலாக இருக்கும், ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பூஸ்ட் என்பது பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் மிகக் கடினமான இடம். 2,800-3,000 வரை டார்க்கை மெதுவாக ஏற்றி மேலே நீண்ட நேரம் பிடித்து வைக்கும் மேப்பைக் கேட்டு வாங்குங்கள். வண்டி இன்னும் வேகமாகவும் போகும், ஏனென்றால் டயருக்குப் பிடி இருக்கும்.

ரெடிமேட் ஃபைல் போடுபவர் வேறு, உங்கள் வண்டியின் லாக்கை (ஓடும்போது பதிவான சென்சார் அளவுகள்) பார்த்து இரண்டு மூன்று முறை திருத்தித் தருபவர் வேறு. நம் சூழலுக்கு இரண்டாமவர்தான் வேண்டும், விலை கூடினாலும் சரி. ஒரிஜினல் ஃபைலின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே டிஎஸ்ஜி-க்கான டிசியு (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்) ட்யூனையும் ஒன்றாகச் செய்துவிடுங்கள். இசியு 430 என்எம் தரத் தயாராக இருந்தாலும் கியர்பாக்ஸின் சாஃப்ட்வேர் தன் எல்லையைத் தாண்டினால் டார்க்கைக் குறைக்கச் சொல்லும், அல்லது கிளட்ச் அழுத்தம் போதாமல் வழுக்கித் தேயும். இதில் மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு கிளட்ச் பேக்குக்குப் பணம் கட்டுகிறார்கள்.

லாக் எடுப்பது

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். ரீமேப்புக்கு முன் ஒன்று, பின் ஒன்று, வெயில் காலத்தில் இன்னொன்று. டைனோவிலோ (சக்கரத்தை உருளையில் ஓட்டி பவர் அளக்கும் கருவி) ட்ராக்கிலோ எடுங்கள், ஈசிஆர் மாதிரி பொது ரோட்டில் எடுக்காதீர்கள். மூன்றாவது அல்லது நான்காவது கியரை மேனுவலில் பிடித்து 2,000-லிருந்து 6,200 வரை ஆக்சிலரேட்டரில் ஒரே முழு மிதி. பதிவு செய்ய வேண்டியவை: ஆர்பிஎம், கேட்ட பூஸ்டும் வந்த பூஸ்டும், நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக டைமிங் எவ்வளவு பின்னுக்குப் போனது, உள்ளே போகும் காற்றின் சூடு, லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம், 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்).

டைமிங் இரண்டு மூன்று டிகிரி அங்கங்கே பின்னுக்குப் போவது சாதாரணம், இசியு எல்லையைத் தொட்டுப் பார்க்கிறது. ஒரு சிலிண்டரில் ஐந்து, ஆறு டிகிரி தொடர்ந்து நின்றால் மிதிப்பதை நிறுத்திவிட்டு ட்யூனரிடம் அனுப்புங்கள். எப்போதும் ஒரே சிலிண்டர்தான் என்றால் பிளக், காயில், இன்ஜெக்டரில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். நான்கிலும் சேர்ந்து வந்தால் பெட்ரோலோ சூடோ. ரெயில் பிரஷர் இந்த எஞ்சினில் 200 பார் வரை போகும், கேட்டதற்கும் வந்ததற்கும் மேல் ஆர்பிஎம்மில் இடைவெளி விழுந்தால் பம்ப் திணறுகிறது என்று அர்த்தம். முழு மிதியில் லாம்டா 1-ஐ நோக்கி ஏறினால் உடனே காலை எடுங்கள்.

டைனோ தாளில் இருக்கும் எண் சக்கரத்தில் அளந்ததா, கணக்குப் போட்டு எஞ்சினுக்கு மாற்றியதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பத்து பதினைந்து சதவீத வித்தியாசம் சாதாரணமாக வரும். அதே டைனோவில் உங்கள் வண்டி முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்ற வித்தியாசம் மட்டும்தான் நம்பத்தக்கது.

இன்டர்கூலர்தான் முதல் பாகம்

வெளிநாட்டு வீடியோக்களில் ரீமேப்புக்கு அடுத்து டௌன்பைப் (டர்போவிலிருந்து கிளம்பும் எக்ஸாஸ்ட் குழாய்) மாட்டுவார்கள். 15 டிகிரி குளிரில் வாழ்பவர்களுக்கு அந்த வரிசை சரி. நமக்கு வெளியே 38, டிராஃபிக்கில் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ஒரே அடுக்கில் வெந்துகொண்டிருக்கும்போது பானட்டுக்குள் அதைவிட அதிகம். காற்று பத்து டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய மூன்று சதவீதம் குறைகிறது, அது போதாதென்று நாக் பயத்தில் டைமிங்கும் இறங்குகிறது. சிக்னலில் நின்று கிளம்பியதும் வண்டி சோம்பலாக இருப்பதும், அதிகாலையில் அதே வண்டி பறப்பதும் இதனால்தான். லாக்கில் ஒரே மிதியில் காற்றுச் சூடு 10-15 டிகிரி ஏறினால் பரவாயில்லை. 30-ஐத் தாண்டினால் ஸ்டாக் இன்டர்கூலர் சூட்டில் நிறைந்துவிட்டது, அதற்கு மேல் குளிர்விக்காது. கோர் பெரியதாகவும், வெல்டிங் சுத்தமாகவும், ஸ்டாக் மவுண்டில் அப்படியே உட்காருவதாகவும் பார்த்து வாங்குங்கள். மாற்றினால் உச்ச எண் பெரிதாக ஏறாமல் போகலாம், ஐந்தாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருக்கும், காசு கொடுப்பது அதற்காகத்தான்.

ஏர் இன்டேக் கிட் பெரும்பாலும் சத்தம். ஸ்டாக் ஏர்பாக்ஸ் ஸ்டேஜ் 1-க்குப் போதும், நல்ல ஃபில்டர் போட்டு அடிக்கடி மாற்றுங்கள், நம் ரோட்டுப் புழுதிக்கு அதுவே பெரிய உபகாரம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே இல்லாத டௌன்பைப் வேண்டவே வேண்டாம். புகைச் சான்றிதழ் பிரச்சினை ஒருபக்கம், பின்னால் வரும் வண்டிக்காரர் மூச்சுவிட வேண்டும் என்பது இன்னொருபக்கம்.

கீழே எஞ்சினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் டாக்போன் மவுண்ட்டுக்கு ஒரு இன்சர்ட் போட்டால், முதல் கியரில் சக்கரம் துள்ளுவது நன்றாகக் குறையும், செலவும் கம்மி. டயர் பழையதாக இருந்தால் ரீமேப்பைத் தள்ளிப்போட்டு முதலில் டயர். பிரேக் ஃப்ளூயிட் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஈரம் இழுத்து கொதிநிலை இறங்கியிருக்கும், ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது பெடல் மெத்தென்று போவது இதனால்தான். நல்ல டாட் 4 ஃப்ளூயிட், ஒரு படி மேலான பிரேக் பேட், இவை இரண்டும் 300 பிஎஸ் வண்டியில் கட்டாயம்.

கோல்ஃப் ஆர்-ல் வரும் ஐஎஸ்38 டர்போவை இதில் மாட்டலாம், பெரிய மாற்றம் இல்லாமல் உட்காரும், 350 பிஎஸ்-க்கு மேலும் போகலாம். முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற ஒரு காரில், நம் ரோட்டில், அது எனக்குத் தேவையாகத் தெரியவில்லை. கீழ் ஆர்பிஎம்மின் சுறுசுறுப்பு போய்விடும், பெட்ரோல் பம்பு, கிளட்ச் என்று செலவு வரிசையாக வரும். ட்ராக்குக்கு என்றே ஒரு வண்டி வைத்திருப்பவர்கள் செய்யட்டும்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்துக் க்ளெய்மை மறுக்கலாம், அதனால் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் அது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரிஜினல் ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் தடயம் இருக்கும். முழு பவரையும் பார்க்க கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை. ட்ராக் டே அறிவிக்கும்போது பதிவு செய்துகொண்டு, ஹெல்மெட்டோடு போங்கள்.

ரீமேப்புக்கு அப்புறம் ஆயில் 7,500 கிலோமீட்டருக்குள், ட்ராக் போனால் திரும்பி வந்ததுமே. காலையில் கிளம்பியதும் ஆயில் சூடு 80 டிகிரியைத் தொடும்வரை பூஸ்ட்டைத் தொடாதீர்கள். கூலன்ட் முள் 90-ல் நின்றாலும் ஆயில் அதற்கு வெகு பின்னால்தான் வரும், டிஸ்ப்ளேயில் ஆயில் டெம்பரேச்சரையே திறந்து வைத்துவிடுங்கள். ஓடி முடித்து வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள், டர்போ ஆறிவிடும். மறுநாள் காலை பானட்டைத் திறந்து கூலன்ட் மட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.