புது டிஸ்க் மாட்டுனதும் பிசி பூட் ஆவலையா, உடனே ஃபார்மட் போட ஓடாதிய

பாளையங்கோட்டையில கல்யாண வீடியோ எடுக்க அண்ணாச்சி ஒருத்தர், ஆனித் தேரோட்டம் ஃபுட்டேஜ் வைக்க எடம் பத்தலன்னு 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணும் மதர்போர்டுலயே நேரா சொருகுற எம்.2 எஸ்எஸ்டி ஒண்ணும் அவரே வாங்கி மாட்டிட்டாரு, ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, கருப்பு ஸ்கிரீன்ல பூட் டிவைஸ் இல்லன்னு ஒத்த வரி. "ஏல, அஞ்சு கல்யாணம் அதுக்குள்ள கெடக்குல"ன்னு போன்ல அழாத கொறைதான்.

இப்படி ஆச்சுன்னா மொதல்ல கரண்ட் வயர புடுங்கிட்டு, புதுசா மாட்டுனத மட்டும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. பழையபடி வந்துட்டா விண்டோஸுக்கு ஒண்ணும் ஆவல. அப்பவும் வரலன்னா கை பட்டு ராம் நகந்திருக்கும், இல்ல பழைய டிஸ்க் கேபிள் லூசாயிருக்கும், ரெண்டையும் கழட்டி நல்லா அமுக்கி மாட்டுங்க.

பொறவு ஒண்ணொண்ணா மாட்டிப் பாருங்க, ரெண்டையும் சேத்து மாட்டுனா எது சண்டித்தனம் பண்ணுதுன்னே தெரியாது. நின்னுச்சுன்னா பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர செட்டிங்ஸ் ஸ்கிரீன்) உள்ள போங்க, ஆன் பண்ணதும் டெலிட் இல்லாட்டி எஃப்2 கீய தட்டுங்க. பூட் ஆர்டர்ல, அதாவது எதுல இருந்து மொதல்ல கெளம்பணும்ங்கிற வரிசைல, புது டிஸ்க் மேல ஏறி உக்காந்திருக்கும், விண்டோஸ் பூட் மேனேஜர்னு இருக்கத முதல்ல வைங்க. போன சோலிக்கு லெகசி, சிஎஸ்எம்னு பழைய பூட் முறை செட்டிங் கண்டதையும் மாத்திட்டு வராதிய, அது தனி தலவலி.

அண்ணாச்சி பிசில ஹார்ட் டிஸ்க் மாட்டுனப்ப ஒழுங்கா வந்துச்சு, எம்.2 மாட்டுனதும் நின்னுட்டு. பயாஸ்ல பாத்தா விண்டோஸ் இருக்க பழைய எஸ்எஸ்டி பேரே இல்ல. சில போர்டுல எம்.2 ஸ்லாட்டும் டிஸ்க் கேபிள் சொருகுற சாட்டா போர்ட் ஒண்ணு ரெண்டும் ஒரே லைன பங்கு போட்டுக்கிடும், இதுல போட்டா அது ஆஃப். மேனுவல்ல பொடி எழுத்துல போட்டிருப்பான், யாரு பாக்கா? எஸ்எஸ்டி வயர அஞ்சாம் போர்ட்ல இருந்து ஒண்ணாம் போர்ட்டுக்கு மாத்துனேன், அவ்வளவுதான், வந்துட்டு.

ஃபேனே சுத்தலன்னா பவர் பக்கம் பாருங்க. வேற எஸ்எம்பிஎஸ்ஸோட (கரண்ட் குடுக்க பவர் பெட்டி) கழட்டி மாட்டுற வயர் நுழையுதேன்னு சொருகிராதிய, பின் வரிசை மாறியிருக்கும், நான் ஒரு நல்ல டிஸ்க்க அப்படித்தான் கருக்குனேன்.

விண்டோஸ் வந்ததும் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல புது டிஸ்க்க இனிஷியலைஸ் பண்ணச் சொல்லும், டிஸ்க்க பிரிச்சு வைக்க ரெண்டு முறை காட்டும், அதுல ஜிபிடி குடுங்க, பழைய முறையான எம்பிஆர் குடுத்தா 4 டிபில 2 டிபிதான் கைக்கு வரும். ஏற்கெனவே படம் ஏத்துன டிஸ்க்குக்கு இதே கேள்வி வந்துச்சுன்னா மட்டும் ஓகே அமுக்காதிய, கேன்சல் குடுத்துட்டு வெளிய வந்துருங்க.