காசு குடுத்து வாங்கினதுக்கு பூட்டு போட்டிருந்தா என்ன செய்யிறது

போன மாசம் என்ட டெஸ்க்டொப்பின்ட மதர்போட் எரிஞ்சு போச்சு. பம்பலப்பிட்டியில ஒரு கடையில குடுத்து வேற கொம்பனி போட் ஒண்டு போட்டு எடுத்துக்கொண்டு வந்து ஓன் பண்ணினா, விண்டோஸ் அக்டிவேட் ஆகேல்லயாம். காசு குடுத்து வாங்கின ஒரிஜினல் லைசன்ஸ்தான், ஆனா அது ஓஇஎம், அதாவது அந்த பழைய போட்டோட கட்டி வச்சது, போட் செத்தா அதுவும் உடன்கட்டை. மெஷின் வித்த கடைக்காரர் இதப்பற்றி வாயே திறக்கேல்ல, நானும் கேக்கேல்ல. அதான் நீங்களாவது கேளுங்கோ எண்டு எழுதுறன். சொஃப்ட்வெயார், படம், புத்தகம், கேம் எல்லாத்திலயும் இப்பிடி கொம்பனி போடுற பூட்டு இருக்கு, டிஆர்எம் எண்டு சொல்லுவாங்கள்.

லைசன்ஸில ரெண்டு சாதி இருக்கு. ரீடெய்ல் எண்டா பழைய மெஷினில இருந்து கழட்டி புதுசுக்கு கொண்டு போகலாம், ஓஇஎம் எண்டா ஏலாது. லப்டொப்போட சேந்து வாறது அனேகமா ஓஇஎம்தான். மெஷின் கட்டேக்க எது போடுறீங்க எண்டு கேட்டு பில்லிலயே எழுதித் தரச் சொல்லுங்கோ. பிறகு மெஷின் நல்லா இருக்கேக்கையே உங்கட மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டோட லைசன்ஸை லிங்க் பண்ணி வைங்கோ, செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் எண்டு போனா லிங்க் ஆகியிருக்கா எண்டு காட்டும். பிறகு போட் மாத்தினாலும் அதே இடத்தில ட்ரபிள்ஷூட்டை அமத்தி, ஹார்ட்வெயார் மாத்தினனான் எண்டு சொல்ல ஒரு வழி இருக்கும். ரீடெய்லுக்கு இது கை குடுக்கும், ஓஇஎம்முக்கு நம்பி இருக்கேலாது.

மாசக்காசு கட்டுற சொஃப்ட்வெயார் வேற மாதிரி. ஃபோட்டோஷொப் செய்யிற அடோபி மாதிரி ஆக்களிட்ட ஒரு எக்கவுண்டுக்கு ரெண்டு மெஷினிலதான் ஓடும், அதால லப்டொப்பை விக்க முதல், ரிப்பேருக்கு குடுக்க முதல் சைன் அவுட் பண்ணுங்கோ. மெஷின் செத்தே போச்செண்டா புதுசில லொகின் பண்ணேக்க பழசை கழட்டவா எண்டு அதுவே கேக்கும், பதற வேண்டாம். முக்கியமான விசயம் என்னெண்டா காசு கட்டுறத நிப்பாட்டினா உங்கட ஃபைல் உங்களிட்டத்தான் இருக்கும், திறக்கிற சொஃப்ட்வெயார்தான் இருக்காது, அதால முடிச்ச வேலையளை எல்லாம் பிடிஎஃப், பிஎன்ஜி எண்டும் ஒரு கொப்பி சேவ் பண்ணுங்கோ. கலியாண கார்ட் அடிக்கிற பெடியன்மாருக்கு இது நல்லா விளங்கும்.

இனி படம். புது போன் வாங்கப் போறீங்களெண்டா கடையிலயே நெட்ஃபிளிக்ஸ் அப்பை திறந்து, அப் செட்டிங்ஸில பிளேபெக் ஸ்பெசிஃபிகேஷன் எண்டு இருக்கும், அத பாருங்கோ. வைட்வைன் எண்டது படத்துக்கு போனில இருக்கிற பூட்டு, அது எல்1 எண்டு இருந்தா எச்டி வரும், எல்3 எண்டா ஸ்கிரீன் எவ்வளவு வடிவா இருந்தாலும் மங்கல் படம்தான், நீங்க எவ்வளவு பெரிய பெக்கேஜ் கட்டினாலும் சரி. அதே மாதிரி லப்டொப்பில இருந்து பழைய ப்ரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ வயர் குத்தி படம் கறுப்பா வந்தா வயரை திட்ட வேண்டாம், எச்டிசிபி எண்ட பூட்டு அந்த ப்ரொஜெக்டரை நம்பேல்ல. டவுன்லோட் பண்ணி வச்ச படத்துக்கும் காலாவதி இருக்கு, சிலது பாக்கத் தொடங்கி 48 மணித்தியாலத்தில போயிடும். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நாட்களை நினைச்சுப் பாருங்கோ. அப்பிடி ஒரு காலத்துக்கு சேத்து வைக்கிறதெண்டா பூட்டில்லாத ஃபைல்தான் சரி.

டிவிடிக்கும் பூட்டு இருக்கு, எந்த நாட்டுப் பக்கம் ஓடும் எண்டு றீஜன் நம்பர் போட்டு வச்சிருக்காங்கள். கனடாவில இருந்து சித்தி பிள்ளையளுக்கு டிவிடி அனுப்பினா அது றீஜன் 1, லண்டன் மாமா அனுப்பினா 2, எங்கட நாடு 5. கொம்பியூட்டர் ட்ரைவில றீஜனை 5 தரம்தான் மாத்தலாம், கடைசியா வச்சதிலயே இறுகி நிண்டிடும், அதால சும்மா மாத்தி மாத்தி விளையாட வேண்டாம். ஸ்டூடியோக்காரர் எழுதித் தாற கலியாண டிவிடிக்கு இந்தப் பிரச்சினை இல்ல, அதில வேற பிரச்சினை, நாலு மணித்தியாலம் ஓடும்.

புத்தகம்தான் எனக்கு ஆக கோவம். 2009ல அமேசன், விக்க உரிமை இல்லாத ஒருத்தர் போட்டது எண்டு சொல்லி, ஆக்கள் காசு குடுத்து வாங்கின ஜோர்ஜ் ஓர்வெல் எண்ட எழுத்தாளரின்ட புத்தகங்களை அவையின்ட கிண்டில் எண்ட புத்தகம் வாசிக்கிற மெஷினுக்குள்ள இருந்தே அழிச்சது. காசை திருப்பிக் குடுத்தவை, ஆனா வீட்டுக்குள்ள வந்து அலுமாரிய திறந்த மாதிரித்தானே. 2019ல மைக்ரோசொஃப்ட் தன்ட புத்தகக் கடைய மூட, வாங்கின புத்தகம் எல்லாம் திறக்காமப் போச்சு, அதுக்கும் காசு திருப்பிக் குடுத்தவங்கள். 2025 பெப்ரவரியில அமேசன்காரர் கிண்டில் புத்தகத்தை கொம்பியூட்டருக்கு இறக்கி யுஎஸ்பியால ஏத்துற வழியையும் எடுத்திட்டாங்கள். அப்ப என்ன செய்யிறது? வாங்க முதல் புத்தகம் விக்கிற பக்கத்தில டிஆர்எம் இல்ல எண்டு போட்டிருக்கா பாருங்கோ, சில பதிப்பாளர் அப்பிடி விக்கினம், அத வாங்கி கலிபர் எண்ட, மின்நூல்களை அடுக்கி வைக்கிற சொஃப்ட்வெயார்ல போட்டு ஒரு ஹார்ட் டிஸ்க்கிலயும் கொப்பி வைங்கோ. தமிழ் வாசிக்கிறதெண்டா எங்கட நூலகம் (noolaham.org) தளமும் மதுரைத் திட்டம் எண்ட மின்நூல் தளமும் இருக்கு, இறக்கினா இறக்கினதுதான், ஒருத்தரும் திருப்பி எடுக்கேலாது.

கேம் விளையாடுற ஆக்களுக்கு சுருக்கமா: ஜிஓஜி எண்ட ஒன்லைன் கேம் கடையில வாங்கினா இன்ஸ்டோலரையே இறக்கி வைக்கலாம். ஸ்டீம் எண்ட மற்றக் கடையெண்டா இன்டர்நெட் லைன் இருக்கேக்க ஒருக்கா கேமை ஓட்டிப் பாத்திட்டு ஒஃப்லைன் மோடுக்கு போங்கோ. எப்பவும் ஒன்லைனில இருக்கோணும் எண்டு கேக்கிற கேம், கொம்பனியின்ட சேர்வர் இருக்கும் மட்டும்தான் ஓடும், த க்ரூ எண்ட கேமை 2024 மார்ச் 31ல நிப்பாட்டினவங்கள், தனிய விளையாடினவங்களுக்கும் போச்சு.

க்ரெக், அதாவது பூட்டை உடைக்கிற கள்ள ஃபைல், போடலாமே மச்சான் எண்டு கேப்பீங்க. 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் எண்டு ஒண்டு இஞ்சயும் இருக்கு, அத விடுவம், அந்த க்ரெக்கை ஓட்ட முதல் அன்டிவைரஸை ஒஃப் பண்ணச் சொல்லுறாங்கள் பாருங்கோ, கள்ளனுக்கு கதவை நாங்களே திறந்து விடுற வேலை அது. பேங்க் அப் இருக்கிற மெஷினில கையே வைக்க வேண்டாம். எழுத்து வேலைக்கு லிப்ரே ஒஃபிஸ், படம் திருத்த கிம்ப், கீற இங்க்ஸ்கேப் எல்லாம் சும்மாவே கிடைக்குது, பூட்டும் இல்ல.

நான் கடைசியா ரீடெய்ல் ஒண்டு வாங்கி எக்கவுண்டோட லிங்க் பண்ணியாச்சு. பில்லை போன்ல படம் எடுத்து வைங்கோ, அந்த மினுங்கல் பேப்பர் பில் கொழும்பு வெக்கைக்கு கொஞ்ச நாளில வெறும் வெள்ளைப் பேப்பர்.