நற்கருணை வரிசைக்கேற்ப நீளும் பியானோ இசை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் திருத்தலங்களின் திருவிழாத் திருப்பலிக்குக் கூட்டம் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே கணிக்க இயலாது என்பதால், நற்கருணை நேரத்துக்கான (மக்கள் வரிசையில் வந்து திருவிருந்து அப்பம் பெறும் நேரம்) பியானோ இசையை எந்த இடத்திலும் நிறுத்தக்கூடியதாக அமைத்துக்கொள்வது நல்லது. பாடலை எட்டு எட்டு தாள அளவுகளாக (பார்) பிரித்து, ஒவ்வொரு பகுதியும் மூலச் சுருதியின் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) வந்து முடியுமாறு எழுதி, அந்த இடங்களைச் சிவப்பு மையில் குறித்துவிட்டால், வரிசையின் கடைசி ஆள் நகர்ந்ததும் அடுத்த குறியிலேயே இயல்பாக முடித்துவிடலாம். வரிசை நீண்டால், முதல் முறை மெட்டை வலக்கையிலும், அடுத்த முறை அதையே இடக்கையில் நடு ஸ்தாயியிலும் வாசித்தால் சலிப்புத் தட்டாது.

மக்கள் சேர்ந்து பாடும் பாடல்களுக்கு சுருதியைக் குறைத்தே ஆகவேண்டும். டி மேஜரில் உள்ள ஒரு பாடல் மேல் எஃப் ஷார்ப் வரை ஏறினால் பின்வரிசையினர் பாடுவதை நிறுத்திவிடுவார்கள். கீபோர்டின் டிரான்ஸ்போஸை (சுருதியை மாற்றும் வசதி) -4இல், அதாவது நான்கு அரை ஸ்வரம் கீழே வைத்தால் அது பி ஃபிளாட்டுக்கு இறங்கி, உச்ச ஸ்வரம் மேல் டியுடன் நின்றுவிடும். பூசை முடிந்ததும் அதை மறவாமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையெனில் அடுத்து வாசிப்பவர் திண்டாடுவார்.

தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிதார் இருக்கும் குழுவில் இடக்கையின் கீழ் ஸ்தாயியை வாசிக்காமல் விட்டுவிடுங்கள். எதிரொலி மிகுந்த உயர்ந்த கூரையுள்ள ஆலயங்களில் சஸ்டெயின் பெடலை (ஒலியை நீட்டிக்கும் மிதி) கார்டு மாறும் ஒவ்வொரு முறையும் எடுத்து மிதித்தால்தான் பாடலின் சொற்கள் தெளிவாகக் கேட்கும்.